லெட்ச்வொர்த் மாநிலப் பூங்கா: செல்வதற்கு முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெட்ச்வொர்த் பூங்கா எங்கே இருக்கிறது? அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், மேற்குப் பகுதியில், ராச்செஸ்டர் நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 35 மைல் தொலைவில் இந்தப் பூங்கா இருக்கிறது. ஜெனசீ ஆறு பாறையை அறுத்து உண்டாக்கிய ஆழமான பள்ளத்தாக்கின் இரு கரைகளையும் சேர்த்து, 17 மைல் நீளத்துக்கு, 14,000 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் இது நீண்டு கிடக்கிறது. சில இடங்களில் பாறைச் சுவர் ஆற்றிலிருந்து 550 அடிக்கும் மேலாக நிமிர்ந்து நிற்கிறது. ஆற்றிலேயே மூன்று பெரிய அருவிகள் உள்ளன. பக்கச் சுவர்களிலிருந்து விழும் சிற்றருவிகளோ மழை பெய்த மறுநாளில் எண்ணி மாளாது. கிழக்கின் கிராண்ட் கேன்யன் என்று விளம்பரங்களில் எழுதுவார்கள். அரிசோனாவின் பள்ளத்தாக்கைப் பார்த்தவர்கள் அந்த ஒப்பீட்டை நம்பிப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அது வறண்ட செம்பாறை நிலம். இதுவோ மேப்பிள், ஓக், ஹெம்லாக் மரங்கள் விளிம்புவரை நெருங்கி நிற்கும் ஈரமான காட்டுப் பள்ளத்தாக்கு.

நயாகராவுக்குப் போகும் வழியில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்த்துவிட்டுப் போகலாமா?

நியூ ஜெர்சியிலிருந்தும் பென்சில்வேனியாவிலிருந்தும் காரில் நயாகராவுக்குச் செல்லும் நம்மவர்களில் பலர் இப்படித்தான் திட்டமிடுகிறார்கள். ஒரு மணி நேரத்தில் நடு அருவியின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் பூங்காவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் காட்சிமுனைகளில் நின்று நின்று போவதற்கே அரைநாள் பிடிக்கும். அருவிகளுக்கு மேலே உள்ள மேட்டு நிலத்தில் செனகா பழங்குடியினரின் மன்றக் கட்டடமும், மேரி ஜெமிசன் என்ற பெண்ணின் கல்லறையும், சிறு அருங்காட்சியகமும் இருக்கின்றன. அவசரமாக வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு ஏறுவதே இல்லை. நயாகராவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும் தொலைவுதான் என்பதால், நயாகராவுக்கு ஒரு நாள், இதற்கு ஒரு முழு நாள் என்று பிரித்துக்கொள்வதே சரியான திட்டம்.

வரைபடத்தில் மேல் அருவி தெற்கே இருக்கிறது, கீழ் அருவி வடக்கே இருக்கிறது. இது பிழையா?

பிழையில்லை. ஜெனசீ ஆறு பென்சில்வேனியாவில் பிறந்து, வடக்கு நோக்கிப் பாய்ந்து, ராச்செஸ்டர் நகரின் நடுவே சென்று ஒன்டாரியோ ஏரியில் கலக்கிறது. ஆகவே ஆற்றின் மேற்பகுதி தெற்கில் இருக்கிறது. தெற்கு எல்லையில் உள்ள போர்டேஜ்வில் நுழைவாயிலுக்கு அருகில் மேல் அருவியும், அதையடுத்து நடு அருவியும், சற்றுத் தள்ளி வடக்கே கீழ் அருவியும் வரிசையாக அமைந்திருக்கின்றன. மேல் அருவியும் கீழ் அருவியும் ஏறத்தாழ 70 அடி உயரம். நடு அருவி 107 அடி. வடக்கு எல்லையில் மவுண்ட் மோரிஸ் நுழைவாயில் இருக்கிறது. அருவிகளை மட்டும் பார்க்க வருபவர்கள் வழிகாட்டிச் செயலியில் பூங்காவின் பெயரை மட்டும் இட்டால், அது மவுண்ட் மோரிஸ் வாயிலில் கொண்டுவந்து விட்டுவிடக்கூடும். அங்கிருந்து அருவிகளுக்குப் பூங்காச் சாலையில் பல மைல் வளைந்து வளைந்து போகவேண்டும். நேரம் இருந்தால் அந்தச் சாலையே ஓர் இன்பம். நேரம் இல்லாதவர்கள் கேஸ்டைல் அல்லது போர்டேஜ்வில் வாயிலைக் குறிப்பிட்டுத் தேடுவது நல்லது.

இவ்வளவு ஆழமான பள்ளத்தாக்கு எப்படி உருவானது?

இங்கே தெரியும் பாறை அடுக்குகள் டெவோனியன் காலத்தவை. முப்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலான வயதுடையவை. அக்காலத்தில் இந்த நிலத்தைக் கடல் மூடியிருந்தது. கிழக்கிலிருந்த மலைகளிலிருந்து ஆறுகள் அடித்துவந்த சேறும் மணலும் அந்தக் கடலடியில் அடுக்கடுக்காகப் படிந்து இறுகி, களிப்பாறையாகவும் மணற்பாறையாகவும் மாறின. பாறைச் சுவரை உற்றுப் பார்த்தால், எளிதில் உதிரும் கருஞ்சாம்பல் நிற அடுக்கும், சற்றே துருத்திக்கொண்டு நிற்கும் கடினமான அடுக்கும் மாறி மாறி வருவதைக் காணலாம்.

பாறைதான் பழையது, பள்ளத்தாக்கு மிகவும் இளையது. கடைசிப் பனியூழிக்கு முன்பு ஜெனசீ ஆற்றுக்கு வேறொரு பாதை இருந்தது. பனிப்பாளம் பின்வாங்கியபோது விட்டுச்சென்ற மண்ணும் கல்லும் அந்தப் பழைய பள்ளத்தாக்கைப் பல இடங்களில் அடைத்துவிட்டதால், ஆறு புதிய வழியைத் தேடிப் பாறைமீது ஓடத் தொடங்கி, பத்தாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் இவ்வளவு ஆழத்துக்கு அதை அறுத்துவிட்டது. பூங்காவின் நடுப்பகுதியில் பள்ளத்தாக்கு திடீரென்று அகன்று, தட்டையான வண்டல் நிலமாக விரிவதைக் காட்சிமுனைகளிலிருந்து பார்க்கலாம். ஆறு தன் பழைய பாதையோடு மீண்டும் சேரும் இடங்கள் அவை. கார்டோ என்று பெயர்பெற்ற வளமான சமவெளி அங்கேதான் இருக்கிறது. மேரி ஜெமிசனின் கதையில் அந்தப் பெயர் மீண்டும் வரும்.

எந்த மாதத்தில் செல்வது நல்லது?

அக்டோபர் நடுப்பகுதியில் இலைகள் நிறம் மாறும் நாட்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள், அது நியாயமும் கூட. ஆனால் அந்த வார இறுதிகளில் வாயிலில் கார்கள் வரிசையாக நிற்கும். அருவிகளின் அருகில் உள்ள வாகன நிறுத்தங்கள் முற்பகலிலேயே நிரம்பிவிடும். வார நாளில் விடுப்பு எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் காலை எட்டு மணிக்குள் வந்து சேருங்கள். அருவியில் நீர் மிகுந்து ஆர்ப்பரிப்பதைப் பார்க்க விரும்புவோருக்கு, பனி உருகும் ஏப்ரலும் மழை மிகுந்த மே மாதமுமே ஏற்றவை. மழையில்லாத ஆகஸ்டில் அருவி மெலிந்து, பாறையின் படிக்கட்டு வடிவம் வெளியே தெரியும். அதுவும் ஓர் அழகுதான் என்றாலும், நயாகராவை மனதில் வைத்துக்கொண்டு வருபவருக்கு அது போதாது.

நுழைவுக் கட்டணம் எவ்வளவு? கார் இல்லாமல் போக முடியுமா?

கட்டணம் ஆளுக்கு இல்லை, வாகனத்துக்கு. பருவ மாதங்களில் ஒரு காருக்கு 10 டாலர் என்ற அளவில் வாங்கி வந்திருக்கிறார்கள். புறப்படும் முன் நியூயார்க் மாநிலப் பூங்காத் துறையின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளவும். நியூயார்க்கில் வசிப்பவர்கள் ஆண்டு முழுவதற்குமான எம்பயர் பாஸ் வாங்கிவிட்டால் மாநிலத்தின் பெரும்பாலான பூங்காக்களுக்கு அது செல்லும். ஆண்டில் நாலைந்து பூங்காக்களுக்குப் போகும் குடும்பத்துக்கு அது சிக்கனம்.

கார் இல்லாமல் செல்வது நடைமுறையில் இயலாது. உள்ளே சென்றாலும் ஓர் அருவிக்கும் மறு காட்சிமுனைக்கும் இடையே மைல்கணக்கில் தூரம் இருக்கிறது. பள்ளத்தாக்கில் கைப்பேசி இணைப்பு பல இடங்களில் கிடைப்பதில்லை என்பதால், வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வைத்துக்கொள்வதும், இரண்டு கார்களில் வருபவர்கள் சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் வாயிலிலேயே பேசி முடிவு செய்துகொள்வதும் நல்லது.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை அழைத்துச் செல்லலாமா? குழந்தைகளுக்கு ஏற்றதா?

தாராளமாக அழைத்துச் செல்லலாம். பூங்காவின் சிறந்த காட்சிகளில் பல, காரை விட்டு இறங்கிய சில அடிகளிலேயே கிடைத்துவிடுகின்றன. நடு அருவியும் மேல் அருவியும் ரயில் பாலமும் ஒரே சட்டகத்தில் தெரியும் இன்ஸ்பிரேஷன் பாயின்ட், பள்ளத்தாக்கு பெரிதாக வளைந்து திரும்பும் கிரேட் பெண்ட், வடக்கே ஹாக்ஸ்பேக் ஆகிய மூன்றுக்கும் நடை மிகக் குறைவு. நடு அருவியைக் கிளென் ஐரிஸ் விடுதியின் புல்வெளி ஓரத்திலிருந்தே பார்த்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கவேண்டியது கீழ் அருவிக்கு இறங்கும் பாதைதான்; அதில் நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகள் உண்டு, இறங்கியதை எல்லாம் திரும்ப ஏறியாக வேண்டும்.

நடக்கக் கூடியவர்களோ அந்தக் கீழ் அருவிப் பாதையைக் கட்டாயம் தவறவிடக் கூடாது. படிகளின் முடிவில், ஆறு குறுகிப் பாறை இடுக்குக்குள் சீறிச் செல்லும் இடத்தில், ஒற்றை வளைவாக ஒரு கற்பாலம் நிற்கிறது. என் கணக்கில் பூங்காவின் மிகச் சிறந்த இடம் நடு அருவி அன்று, இந்தப் பாலம்தான். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்த ஆற்றை முதல்முறையாக அதன் மட்டத்துக்கு இறங்கிச் சந்திக்கிற இடம் இது. நீண்ட நடையை விரும்புவோருக்கு, மேற்குக் கரையில் விளிம்பை ஒட்டியே செல்லும் 7 மைல் பள்ளத்தாக்குப் பாதை இருக்கிறது. மொத்தத்தில் 66 மைல் அளவுக்கு நடைபாதைகள் உண்டு.

குழந்தைகளை அழைத்து வருபவர்கள் 2016ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹம்ஃப்ரி இயற்கை மையத்தில் ஒரு மணி நேரம் செலவிடலாம். அதன் அருகில் 2021ஆம் ஆண்டு ஆட்டிசம் உள்ளவர்களுக்காகவே திட்டமிட்டு அமைத்த, ஏறத்தாழ ஒரு மைல் நீளமுள்ள நடைபாதை இருக்கிறது. கூச்சலும் கூட்டமும் தாங்காத பிள்ளைகளை எங்கேயும் அழைத்துச் செல்லத் தயங்கும் பெற்றோர் நம் சமூகத்திலும் பலர் இருக்கிறார்கள். ஒதுங்கி அமர்ந்து மனம் அமைதியடைய இடங்களும், தொட்டும் கேட்டும் உணர்வதற்கான நிலையங்களும் கொண்ட இந்தப் பாதையைப் பற்றி அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஆற்றில் குளிக்கலாமா? அருவியின் அடியில் நிற்கலாமா?

கூடாது. குற்றாலத்தைப் போல நின்று நீராடும் அருவிகள் அல்ல இவை. ஆற்றில் இறங்குவதும், விளிம்பில் கட்டியுள்ள தாழ்ந்த கற்சுவரைத் தாண்டுவதும் விதிப்படி தடை செய்யப்பட்டவை. களிப்பாறை காலடியில் தட்டுத்தட்டாக உதிரக்கூடியது. உறுதியான பாறை போலத் தோன்றும் விளிம்புக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். படம் எடுப்பதற்காகப் பிள்ளைகளைச் சுவரின்மேல் உட்கார வைப்பவர்களை அங்கே காணலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நீரில் இறங்க ஆசைப்படுபவர்களுக்குக் கோடையில் பூங்காவின் நீச்சல் குளம் திறந்திருக்கும். அருவிகளுக்குக் கீழே உள்ள ஆற்றுப்பகுதியில், அனுமதி பெற்ற நிறுவனத்தின் வழிகாட்டிகளோடு ரப்பர்ப் படகில் செல்லும் பயணமும் உண்டு. அங்கே நீரோட்டம் மிதமானது என்பதால் முதல்முறை செல்பவர்களுக்கும் ஏற்றது.

காட்டுப் பாதைகளில் நடந்தவர்கள் திரும்பியதும் கால்களிலும் கழுத்திலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். லைம் நோயைப் பரப்பும் உண்ணிகள் நியூயார்க் மாநிலத்தில் பரவலாக உள்ளன. இலையுதிர் காலத்தில் பூங்காவின் குறிப்பிட்ட பகுதிகளில் அனுமதியுடன் வேட்டை நடக்கும். அப்போது ஒதுக்குப்புறப் பாதைகளில் செல்பவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை அணிவது வழக்கம்.

பூங்காவுக்கு லெட்ச்வொர்த் என்ற பெயர் ஏன்?

வில்லியம் பிரையர் லெட்ச்வொர்த் 1823ஆம் ஆண்டு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். குதிரைச் சேணங்களுக்கான உலோக உறுப்புகளை உற்பத்தி செய்யும் தொழிலில் பஃபலோ நகரில் பெரும் பொருள் ஈட்டியவர். ஓய்வுக்கு ஓர் இடம் தேடியவர் 1859ஆம் ஆண்டு நடு அருவியின் அருகே நிலம் வாங்கினார். மரம் அறுக்கும் ஆலைகளால் அப்போது கரைகள் மொட்டையாகிக் கிடந்தன. அவர் மரங்கள் நட்டு, பாதைகள் அமைத்து, அக்கம்பக்க நிலங்களையும் வாங்கிச் சேர்த்து, அந்த இடத்துக்குக் கிளென் ஐரிஸ் என்று பெயரிட்டார். தனியார் நிலமாக இருந்தபோதே பொதுமக்கள் வந்து பார்க்க அனுமதித்தார்.

பின்னாளில் தொழிலை விட்டுவிட்டு, மாநில அறக்கொடை வாரியத்தில் பணியாற்றி, பல ஆண்டுகள் அதன் தலைவராகவும் இருந்தார். ஆதரவற்ற குழந்தைகளை முதியவர்களோடும் மனநோயாளிகளோடும் சேர்த்து ஏழைகள் இல்லங்களில் அடைத்துவைத்த வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டதும், கால்கை வலிப்பு நோயாளிகளுக்குத் தனிக் குடியிருப்பு அமையக் காரணமாக இருந்ததும் அந்தப் பணியின் பகுதிகள். பூங்காவைக் கொடுத்தவர் என்றே இன்று அறியப்படுகிறார். அவர் தம் வாழ்நாளில் அதிகம் உழைத்தது இந்த வேலைக்காகத்தான்.

நிலத்தை மாநிலத்துக்குக் கொடுத்ததற்கு ஓர் அவசரக் காரணமும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இந்தப் பகுதியில் அணை கட்டி மின்சாரம் எடுக்கும் நோக்கத்துடன் ஜெனசீ ரிவர் கம்பெனி என்ற நிறுவனம் முயற்சியில் இறங்கியது. தமக்குப் பின் அருவிகள் பிழைக்காது என்று அஞ்சிய லெட்ச்வொர்த், 1906ஆம் ஆண்டின் இறுதியில் 1,000 ஏக்கர் நிலத்தை நியூயார்க் மாநிலத்துக்கு எழுதிக்கொடுக்க முன்வந்தார். அடுத்த மாதமே, 1907 ஜனவரியில், அதை ஏற்கும் சட்டம் நிறைவேறியது. 1910 டிசம்பரில் இறக்கும்வரை அவர் அங்கேயே வாழ்ந்தார். அவர் வீடுதான் இன்றைய கிளென் ஐரிஸ் விடுதி.

லெட்ச்வொர்த்துக்கு முன் அந்த நிலம் யாருடையது?

செனகா மக்களுடையது. ஹோடனோஷோனி என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பில் மேற்குக் கோடியில் வாழ்ந்ததால், அந்தக் கூட்டமைப்பின் மேற்கு வாசலைக் காப்பவர்கள் என்று அவர்களைச் சொல்வார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் செனகாவினரில் பெரும்பாலோர் பிரிட்டிஷாரின் பக்கம் நின்றனர். 1779ஆம் ஆண்டு ஜார்ஜ் வாஷிங்டனின் ஆணைப்படி தளபதி சல்லிவன் படையெடுத்து வந்து, 40 அளவிலான ஊர்களையும், அறுவடைக்கு நின்ற சோளக் கொல்லைகளையும், பழத்தோட்டங்களையும் எரித்தார். 1797ஆம் ஆண்டின் பிக் ட்ரீ ஒப்பந்தத்தில் ஜெனசீ நாட்டின் பெரும்பகுதி செனகாவினரின் கையைவிட்டுப் போனது. சில சிறு பகுதிகள் மட்டும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டன. பூங்காவின் அழகைப் பற்றிப் பேசும் துண்டறிக்கைகள் பல, லெட்ச்வொர்த் நிலம் வாங்கிய 1859ஆம் ஆண்டில் கதையைத் தொடங்குகின்றன. அது பாதியில் தொடங்கும் கதை. செனகா மக்கள் மறைந்துபோனவர்களும் அல்லர். மேற்கு நியூயார்க்கில் தங்கள் சொந்த நிலப்பகுதிகளில் இன்றும் வாழ்கிறார்கள்.

மேரி ஜெமிசன் யார்? அவருக்கு ஏன் அங்கே சிலை இருக்கிறது?

பூங்காவின் வரலாற்றில் இதைவிட ஆழமான பகுதி வேறில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். அயர்லாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தில், நடுக்கடலில் கப்பலிலேயே 1743ஆம் ஆண்டு அளவில் மேரி பிறந்தார். பென்சில்வேனியாவில் அந்தக் குடும்பம் பயிர்செய்து வாழ்ந்தது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் பிரிட்டிஷாருக்கும் போர் நடந்த 1750களில், ஷானி என்ற பூர்வகுடியின் வீரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்து நடத்திய ஒரு தாக்குதலில் அவர் சிறைபிடிக்கப்பட்டார். பெற்றோரும் உடன்பிறந்தவர்களில் பலரும் கொல்லப்பட்டனர். போரில் சகோதரனை இழந்திருந்த இரண்டு செனகா பெண்கள், அந்த இழப்புக்கு ஈடாக மேரியைத் தங்கள் சகோதரியாகத் தத்தெடுத்துக்கொண்டனர். இறந்தவரின் இடத்தை இப்படி நிரப்புவது அவர்களுடைய மரபு.

மேரி முதலில் டெலவேர் குடியைச் சேர்ந்த ஒருவரை மணந்து, கைக்குழந்தையோடு நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து ஜெனசீக் கரைக்கு வந்து சேர்ந்தார். வழியில் பிரிந்து சென்ற கணவர் திரும்பவில்லை, நோயில் இறந்துவிட்டார். பின்னர் ஹயோகட்டூ என்ற செனகா வீரரை மணந்தார். 1779இல் சல்லிவனின் படை ஊரை எரித்தபோது, குழந்தைகளைச் சுமந்துகொண்டு தப்பிய அவர் கார்டோ சமவெளிக்கு வந்தார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த இரண்டு கறுப்பினத்தவர் அங்கே சோளம் பயிரிட்டு வாழ்ந்தனர். அவர்களுக்குச் சோளக்கதிர் உரித்துக் கொடுத்து, கூலியாகக் கிடைத்த சோளத்தால் அந்தக் கொடுங்குளிர்காலத்தில் பிள்ளைகளைக் காப்பாற்றினார். பேரரசுகளின் போரால் துரத்தப்பட்ட இரு தரப்பினர் ஓர் ஆற்றங்கரையில் சோளக் குவியலுக்கு முன் உட்கார்ந்திருந்த அந்தக் குளிர்காலத்தைப் பற்றி ஒரு பலகையாவது அங்கே பெரிதாக வைத்திருக்கலாம்.

போர் முடிந்தபின், வெள்ளையர்களிடம் திரும்பிச் செல்லும் வாய்ப்பு வந்தபோது மேரி மறுத்துவிட்டார். தம் பிள்ளைகளை அவர்கள் மதிக்கமாட்டார்கள் என்ற அச்சமும் அதற்கு ஒரு காரணம். 1797ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் அவருக்கென்று கார்டோவில் ஏறத்தாழ 18,000 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. நிலம் வந்ததே தவிர நிம்மதி வரவில்லை. அவருடைய மகன்களில் ஒருவன் குடிபோதைச் சண்டைகளில் தன் இரு சகோதரர்களைக் கொன்றான். பின்னர் அவனும் கொல்லப்பட்டான். நிலத்தின் பெரும்பகுதி 1823இல் விற்கப்பட்டது. அதே ஆண்டில் தம் வாழ்க்கையை ஒரு மருத்துவரிடம் வாய்மொழியாகச் சொல்லி எழுதச் செய்தார். அச்சில் வந்த அந்தக் கதைக்கு இரண்டு நூற்றாண்டுகளாக வாசகர்கள் இருக்கிறார்கள். 1831இல் பஃபலோவை அடுத்த செனகா குடியிருப்புக்குச் சென்று, 1833இல் தொண்ணூறு வயதளவில் இறந்தார். அங்கிருந்த கல்லறைக்கு ஆபத்து வந்தபோது, வழித்தோன்றல்களின் விருப்பப்படி லெட்ச்வொர்த் 1874இல் எச்சங்களைக் கொண்டுவந்து இங்கே மறுஅடக்கம் செய்தார். முதுகில் குழந்தையைச் சுமந்து நடக்கும் இளம்பெண்ணாக அவரைக் காட்டும் வெண்கலச் சிலை 1910இல் நிறுவப்பட்டது.

பக்கத்திலிருக்கும் மரக் கட்டடம் என்ன?

செனகாவினர் கூடிப் பேசி முடிவெடுத்த மன்றக் கட்டடம் அது. ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கேனடியா என்ற ஊரில் சிதைந்துகொண்டிருந்த அதை லெட்ச்வொர்த் வாங்கி, கட்டை கட்டையாகப் பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பினார். 1872 அக்டோபர் 1 அன்று, அக்கட்டடத்தில் மன்றத் தீ மூட்டி ஒரு கூட்டம் நடந்தது. மேரி ஜெமிசனின் பேரன் உள்ளிட்ட செனகாவினரும், மோஹாக் என்ற பூர்வகுடியின் புகழ்பெற்ற தலைவர் ஜோசப் பிராண்ட்டின் வழித்தோன்றல்களும் வந்திருந்தனர். முன்னாள் குடியரசுத் தலைவர் மில்லார்ட் ஃபில்மோர் விருந்தினராக அமர்ந்திருந்தார். ஒரு மக்களின் நிலம் போனபின் அவர்களுடைய கட்டடத்தைப் பேணுவது எவ்வளவு தூரம் மரியாதை, எவ்வளவு தூரம் காட்சிப்பொருள் ஆக்குவது என்ற கேள்வி அங்கே நிற்கும்போது எழத்தான் செய்கிறது. ஆனாலும் லெட்ச்வொர்த் எடுத்துவராமல் விட்டிருந்தால் அந்தக் கட்டைகள் மட்கியிருக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

சிறிது தள்ளி இருக்கும் அருங்காட்சியகம் 1913இல் திறக்கப்பட்டது. அவர் சேர்த்த செனகாப் பொருட்களோடு, பக்கத்து ஊரான பைக்கில் 1876இல் கிடைத்த மாஸ்டடான் என்ற பழங்கால யானையினத்தின் எலும்புகளும் அங்கே உள்ளன.

அருவிக்கு மேலே செல்லும் ரயில் பாலத்தில் நடக்கலாமா?

இல்லை, அது சரக்கு ரயில்கள் ஓடும் பாதை. முதல் பாலம் 1852இல் முழுக்க முழுக்க மரத்தால் கட்டப்பட்டது. 234 அடி உயரமும் 800 அடிக்கு மேல் நீளமும் கொண்ட அது, அக்காலத்தில் உலகத்தின் மிகப் பெரிய மரப்பாலங்களில் ஒன்றாகப் பேசப்பட்டது. 1875 மே மாதத்தில் ஒரே இரவில் எரிந்து சாம்பலானது. அதே ஆண்டு ஜூலை முடிவதற்குள் இரும்புப் பாலம் ஒன்று அந்த இடத்தில் எழுந்துவிட்டது. 140 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அந்தப் பாலத்துக்கு ஈடாக, ஆற்றுக்குள் தூண் எதுவும் இல்லாத எஃகு வளைவுப் பாலம் 2017 டிசம்பரில் திறக்கப்பட்டது. பழையது அடுத்த ஆண்டு அகற்றப்பட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அருவிக்கு மேலிருந்த கோபுரக் கால்களைத் தேடுவதுண்டு.

கற்சுவர்களையும் படிகளையும் கட்டியவர்கள் யார்?

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற பணிப்படைதான். 1933 முதல் 1941 வரை இங்கே முகாமிட்டு, சாலைகள், மரக்குடில்கள், விளிம்புச் சுவர்கள், கீழ் அருவியின் கற்பாலம் ஆகியவற்றை அவர்கள் கட்டினர். அங்கே கிடைத்த கல்லையே செதுக்கி வைத்திருப்பதால், கட்டியது எது, இயற்கையாக அமைந்தது எது என்று சில இடங்களில் பிரித்துச் சொல்வது கடினம்.

வடக்கே உள்ள அணையில் ஏன் தண்ணீரே இல்லை?

மவுண்ட் மோரிஸ் அணை நீரைத் தேக்குவதற்காகக் கட்டியது அல்ல. ராச்செஸ்டர் நகரையும் வயல்களையும் மூழ்கடித்த வெள்ளங்களைத் தடுக்க, ராணுவப் பொறியாளர் படை 1952இல் கட்டி முடித்த வெள்ளத்தடுப்பு அணை அது. சாதாரண நாட்களில் ஆறு அதன் அடியிலுள்ள மதகுகள் வழியே ஓடிக்கொண்டிருக்கும். பெருமழையில் மட்டும் மதகுகளை மூடி, பள்ளத்தாக்கையே தற்காலிக ஏரியாக்கி, பின் மெல்ல விடுவார்கள். 1972 ஜூனில் ஆக்னஸ் புயலின்போது நீர் ஏறத்தாழ விளிம்புவரை ஏறியது. அணைக்கென்று தனிப் பார்வையாளர் மையம் கிழக்குக் கரையில் இருக்கிறது. பொறியியலில் ஆர்வமுள்ள பிள்ளைகளுக்கு அருவியைவிட அது பிடித்துப்போகவும் கூடும்.

சாப்பாட்டுக்கும் தங்குவதற்கும் என்ன ஏற்பாடு?

கிளென் ஐரிஸ் விடுதியில் அறைகளும் உணவகமும் உண்டு. இலையுதிர் காலத்துக்கு மாதங்களுக்கு முன்பே அறைகள் முடிந்துவிடும். வடக்குப் பகுதியில் கூடார முகாமும், பல இடங்களில் மரக்குடில்களும் இருக்கின்றன. சைவ உணவுக்கு உள்ளே வாய்ப்புக் குறைவு. புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போவதுதான் உத்தமம். உட்கார்ந்து சாப்பிட மேசைகளும், கரியடுப்புகளும் பூங்கா முழுவதும் உள்ளன. மீந்த உணவைக் குப்பைத் தொட்டியில் இடாமல் மேசையில் விட்டுச்சென்றால் ரக்கூன்கள் அன்றிரவே வந்துவிடும்.

குளிர்காலத்தில் திறந்திருக்குமா?

திறந்திருக்கும், ஆனால் சில சாலைகளையும் பாதைகளையும் மூடிவிடுவார்கள், கீழ் அருவிப் படிகள் பனி உறைந்தால் ஆபத்தானவை. கடுங்குளிர் நீடிக்கும் ஆண்டுகளில், விடுதியின் முன்னுள்ள நீரூற்று பீய்ச்சும் தண்ணீர் அப்படியே உறைந்து, சிறு எரிமலை போன்ற பனிக்கூம்பாக உயரும். அதைப் பார்ப்பதற்கென்றே கூட்டம் வரும். அடியில் இருப்பது திடமான பனி இல்லை என்பதால் அதன்மேல் ஏறக்கூடாது.

டொராண்டோவிலிருந்து ஒரே நாளில் வந்து திரும்ப முடியுமா?

பஃபலோ வழியாக, எல்லையில் காத்திருக்கும் நேரம் தவிர, மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். முடியும், ஆனால் அவசரமாகும்; பஃபலோவிலோ ராச்செஸ்டரிலோ ஓர் இரவு தங்குவது மேல். கனடியக் குடியுரிமை இல்லாதவர்கள் தங்கள் கடவுச்சீட்டுக்கு அமெரிக்க விசா வேண்டுமா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். பழங்களும் இறைச்சி சேர்ந்த உணவும் எல்லையில் தடுக்கப்படலாம். எடுத்து வந்திருந்தால் கேட்கும்போது மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சமைத்த கோழிக்குழம்பைவிடப் பிட்டும் சம்பலும் எல்லையைச் சிக்கலின்றித் தாண்டும்.